ரெக்கார்டும் கணினியும் ஒரே மேசையில்: டிஜே கருவி வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் திருமண விருந்துக்கும் பிறந்தநாள் நிகழ்ச்சிக்கும் இசை போடுவது என் தொழில். கருவி வாங்க ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, கணினியில் உள்ள பாட்டை இயக்கும், விளக்குகள் மின்னும் அந்தக் கண்ட்ரோலரை வாங்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "வீட்டில் ரெக்கார்டு எத்தனை இருக்கிறது தம்பி, எந்த அளவில் இருக்கிறது?" தாத்தா காலத்து ரெக்கார்டுகளையும் இன்றைய டிஜிட்டல் பாடல்களையும் சேர்த்து மிக்ஸ் செய்ய வேண்டும் என்று எண்ணுபவர், கருவியைப் பார்ப்பதற்கு முன் ரெக்கார்டைப் பார்க்க வேண்டும். பழுதான கண்ட்ரோலருக்கு மாற்று கடையில் கிடைக்கும். தோட்டத்து லய வீட்டிலிருந்து பட்டணத்து வீட்டுக்கு மாறும்போது யாரோ ஒருவர் மறக்காமல் தூக்கி வந்த அந்த ரெக்கார்டு தேய்ந்துவிட்டால் அதற்கு மாற்றுக் கிடையாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் தேர்வுகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவையே.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ரெக்கார்டுகளை அளவுவாரியாகப் பிரியுங்கள். 12 அங்குல எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும். 7 அங்குலச் சிறிய தட்டுகளில் பெரும்பாலானவை 45 சுற்றில் ஓடுபவை. லேபிளில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். கையில் எடுத்தால் கனமாகவும், தவறி விழுந்தால் கண்ணாடிபோல் உடையக்கூடியதாகவும் இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள். அவற்றின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட மிக அகலமானது என்பதால், எல்பிக்கான ஊசியைவிடச் சுமார் நான்கு மடங்கு பருமனான முனையுள்ள தனி ஊசி அவற்றுக்குத் தேவைப்படுகிறது. டிஜே ஊசியை அவற்றின்மேல் வைக்கவே வைக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

நம் ஊரின் ஈரக்காற்றில், உறைக்குள் நெடுநாள் கிடந்த தட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான மைக்ரோஃபைபர் துணியால், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு புதிய உள்ளுறையில் போட்டு, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். அழுக்குத் தட்டில் ஓடும் நல்ல ஊசி, தட்டையும் கெடுத்துத் தானும் கெடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் இசைக்குழு முழுவதும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்தது. தாளத்தைப் பிடித்தவர் மனிதர். ஆகவே பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வேகம் சற்றே ஏறும், இடையிசை முடிந்து பாடகர் திரும்பும்போது சற்றே இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பாட்டுக்கு உயிர். ஆனால் இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் கணினியின் சிங்க் பொத்தானுக்கு அது புரியாது. அதுவும் போக, ரெக்கார்டு நேரடியாக ஓடும்போது அதன் வேகம் என்னவென்றே மென்பொருளுக்குத் தெரியாது. எனவே உங்கள் காதும் கையும்தான் இரண்டையும் இணைக்கப் போகின்றன. அந்தக் கைக்கு எது நன்றாக ஒத்துழைக்கும் என்பதே கருவியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்.

டர்ன்டேபிள்

பெல்ட் வைத்துச் சுழலும் டர்ன்டேபிள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு நல்லது. மிக்ஸ் செய்வதற்கு ஆகாது. தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, சரியான தாள அடியில் விடும்போது, அது உடனே முழு வேகத்துக்கு வர வேண்டும். பெல்ட் இழுபட்டு வழுக்குவதால் அந்த உடனடி வேகம் வராது. மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகையைத்தான் வாங்க வேண்டும்.

இந்த வகையின் அளவுகோல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. 1972-இல் வந்த இது, 1979-இல் எம்கே2 ஆக மாறியபோது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க நெடுக்குவாட்டில் நகரும் பிட்ச் ஃபேடரைப் பெற்றது. டிஜேக்கள் உலகெங்கும் இதைத் தங்கள் கருவியாக்கிக்கொண்டது அதன் பிறகுதான். 2010-இல் உற்பத்தி நின்றது, 2016-இல் மீண்டும் தொடங்கியது. டிஜேக்களுக்கான எம்கே7 என்ற மாடல் 2019-இல் வந்தது. பயனியர் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த பிஎல்எக்ஸ்-1000, அதற்கு நிகரான திறனோடும் தட்டைச் சுழற்றும் கூடுதல் முறுக்குவிசையோடும் கிடைக்கிறது. கையில் பணம் குறைவாக இருந்தால் பிஎல்எக்ஸ்-500, ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120 போன்றவை தொடக்கத்துக்குப் போதும். ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பெருக்கி இவற்றில் உள்ளேயே இருப்பது ஒரு வசதி.

பிட்ச் ஃபேடரைப் பற்றி ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ±8 சதவீத எல்லையில், நிமிடத்துக்கு 100 தாள அடி ஓடும் பாட்டை 92 முதல் 108 வரை கொண்டுபோகலாம். ஆனால் ரெக்கார்டின் வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் சுருதியும் அரைக் கட்டை ஏறிவிடும். பாடகரின் குரல் மெலிந்து வேறு ஆள்போல் கேட்கும். டிஜிட்டல் பாட்டில் கீ லாக் என்ற வசதி சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும். ஆகவே நான் எப்போதும் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: ரெக்கார்டை அதன் இயல்பான வேகத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டு, டிஜிட்டல் பாட்டை அதன் பின்னால் போக வைப்பேன். மூத்தவருக்கு இளையவர் வழிவிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறைக்கு ±8 தாராளமாகப் போதும். ±50 வரை போகும் ஃபேடருக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய டர்ன்டேபிள் வாங்குவோர் கவனத்துக்கு

ஜப்பானியப் பழைய பொருள் கடைகளிலும் முடா போன்ற இணையச் சந்தைகளிலும் பழைய எஸ்எல்-1200 கிடைக்கிறது. முதலில் அதன் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ உள்ள மின்னழுத்தக் குறிப்பைப் படியுங்கள். ஜப்பானில் விற்கப்பட்ட கருவி 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முள்ளை மட்டும் மாற்றிச் செருகினால் உள்ளிருக்கும் மின்மாற்றி கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். அதன் விலையையும் பேரத்தில் கணக்கிடுங்கள்.

பிறகு கருவியை ஓடவிட்டு, ரெக்கார்டு அமரும் சுழல்தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகளைச் சிவப்பு விளக்கொளியில் பாருங்கள். ஃபேடர் நடுவில் இருக்கும்போது பெரிய புள்ளிகளின் வரிசை அப்படியே நிற்க வேண்டும். மிதந்து நகர்ந்தால் வேகம் சரியில்லை. ஃபேடரை மேலும் கீழும் மிக மெதுவாகத் தள்ளி, எங்காவது வேகம் குதிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஊசி பொருத்தும் ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஊசியைத் தாங்கும் கருவிக் கையின் (டோன்ஆர்ம்) அச்சில் லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மேல்தகட்டில் உள்ள கீறலும், கழன்ற மூடியும் ஒரு குறையே அல்ல. வாங்கப் போகும்போது உங்களுக்குச் சொந்தமான ஒரு ரெக்கார்டையும் ஹெட்ஃபோனையும் எடுத்துச் செல்லுங்கள். இடமும் வலமும் ஒரே அளவில் கேட்க வேண்டும்.

ஊசி: கஞ்சத்தனம் கூடாத இடம்

டர்ன்டேபிளுக்குச் செலவிட்ட பிறகு ஊசிக்குக் கிடைத்ததை வாங்கிப் போடுவது நம்மிடையே உள்ள வழக்கம். நான் இதை வலியுறுத்தி மறுக்கிறேன். ரெக்கார்டைத் தொடும் ஒரே பொருள் ஊசிதான்.

டிஜே ஊசிகளின் முனை வடிவம் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். உருண்டை முனை, தட்டை முன்னும் பின்னும் அசைக்கும்போது பள்ளத்தை விட்டுத் துள்ளாது. நீள்வட்ட முனை, பள்ளத்தின் நுண்ணிய பகுதிகளையும் தொடுவதால், வயலினும் பாடகரின் மூச்சும் தெளிவாகக் கேட்கும். ஆனால் முரட்டுத்தனமாக அசைத்தால் தட்டுக்கு நல்லதல்ல. ஆர்ட்டஃபோன் நிறுவனத்தின் கான்கார்ட் வரிசை 1979 முதல் வருகிறது. ஹெட்ஷெல்லும் ஊசியும் ஒரே உடலாக இருப்பதால் பொருத்துவது எளிது. அதில் மிக்ஸ் என்பது உருண்டை முனை, கிளப் என்பது நீள்வட்ட முனை. தாத்தாவின் ரெக்கார்டைப் போட்டுக் கேட்கவைத்து, அடுத்த பாட்டுக்கு மெதுவாக மாறுபவர் கிளப்பை வாங்கலாம். தட்டை அசைத்து விளையாட ஆசையுள்ளவர் உருண்டை முனைக்குப் போக வேண்டும். ஷூர் நிறுவனம் 2018-இல் ஊசித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் மிக மலிவாக விற்கப்படுபவற்றை எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

எடையைச் சரிசெய்வதை ஒருமுறை பொறுமையாகச் செய்து பழகுங்கள். டோன்ஆர்ம் கையின் பின்முனையில் உள்ள எதிர் எடையைத் திருகிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கை மேலும் போகாமல் கீழும் விழாமல், தராசு முள்போலக் காற்றில் நேராக மிதக்கும். அந்த நிலையில் எதிர் எடையை அசைக்காமல், அதன் முன்னுள்ள எண் வளையத்தை மட்டும் திருப்பி 0-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, ஊசித் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் நிறுத்துங்கள். கான்கார்ட் மிக்ஸுக்கும் கிளப்புக்கும் அது 3 கிராம். ஊசி துள்ளுகிறது என்று எதிர் எடையை மேலும் மேலும் முன்னே தள்ளுபவர்களையும், ஹெட்ஷெல்லின் மேல் நாணயத்தை ஒட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த முனையோ ஆடும் மேசையோதான். கூடுதல் எடை பள்ளத்தை அரைத்துவிடும்.

மிக்ஸர்: ஃபோனோ நுழைவு இருக்கிறதா?

இரண்டு பக்கத்து ஒலியையும் கலந்து வெளியே அனுப்பும் பெட்டிதான் மிக்ஸர். ஊசியிலிருந்து அதற்கு வரும் மின்குறி சில மில்லிவோல்ட் மட்டுமே. சிடி பிளேயரோ கணினியோ தரும் லைன் அளவு அதைப்போல் நூறு மடங்கு வலுவானது. மேலும், ரெக்கார்டைப் பதிக்கும்போது அடிக்குரலைக் குறைத்தும் மேற்குரலைக் கூட்டியும் பதிக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளங்கள் அகலமாகி, ஒரு பக்கத்தில் பாட்டு அடங்காது. 1954 முதல் ஆர்ஐஏஏ என்ற பொது அளவுகோலின்படி இது நடக்கிறது. ஃபோனோ நுழைவு அந்த மாற்றத்தைத் திருப்பிச் செய்து, ஒலியையும் பெருக்குகிறது. ஃபோனோவில் வர வேண்டியதை லைனில் செருகினால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் மெலிந்து கேட்கும். உள்ளே பெருக்கி உள்ள டர்ன்டேபிளை லைனில் வைத்து, மிக்ஸரை ஃபோனோவில் வைத்தால் ஒலி கிழியும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் ஃபோனோ பெருக்கம் நடக்க வேண்டும் என்பதே விதி.

இளைஞர்கள் காட்டும் அந்த மின்னும் கண்ட்ரோலர்களில் பல, இங்கேதான் தோற்கின்றன. உதாரணமாக டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 தொடக்கப் பயிற்சிக்கு அருமையான கருவி. ஆனால் அதில் டர்ன்டேபிளைச் செருகவே இடமில்லை. டிடிஜே-1000, டிடிஜே-எஃப்எல்எக்ஸ்10 போன்ற பெரிய கண்ட்ரோலர்களில் ஃபோனோ நுழைவு உண்டு. கண்ட்ரோலர் வேண்டாம், தனி மிக்ஸர் போதும் என்பவர், இரண்டு சேனலிலும் ஃபோனோ நுழைவும், கணினியோடு ஒலியைப் பரிமாறும் யுஎஸ்பி ஒலி அட்டையும் உள்ளேயே உள்ள ஒன்றைத் தேட வேண்டும். பயனியர் டிஜேஎம்-450, ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் எக்ஸோன் வரிசை ஆகியவை நான் நம்பிப் பரிந்துரைப்பவை. எக்ஸோன்:23-இல் ஒலி அட்டை இல்லை, எக்ஸோன்:23சி என்பதில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

நம் ஊர் நிகழ்ச்சிகளில் மைக் எவ்வளவு முக்கியம் என்பதை வெளியூர் ஆலோசனைகள் சொல்வதில்லை. மாப்பிள்ளையின் மாமா வரவேற்புரை பேசுவார், பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள், சாப்பாடு தயார் என்று அறிவிக்க வேண்டியிருக்கும். மைக்குக்குத் தனி ஒலியளவும் அடிக்குரல், மேற்குரலைச் சரிசெய்யும் தனி ஈக்யூவும் இல்லாத மிக்ஸரை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டிஜிட்டல் பக்கம்

இங்கே மூன்று வழிகள் உண்டு. ஒரு டர்ன்டேபிளில் ரெக்கார்டு, மறுபுறம் கண்ட்ரோலரில் டிஜிட்டல் பாட்டு என்பது முதல் வழி; புதியவருக்கு இதையே சொல்வேன். ரெக்கார்டோடு, யுஎஸ்பி செருகும் தனி மீடியா பிளேயரை வைப்பது இரண்டாவது வழி. கணினியே வேண்டாம், ஆனால் செலவு அதிகம்.

மூன்றாவது வழி டைம்கோட். இதில் பாட்டுக்குப் பதிலாக ஒரு குறியொலி பதித்த ரெக்கார்டு டர்ன்டேபிளில் ஓடும். மென்பொருள் அந்தக் குறியொலியைக் கேட்டு, தட்டு எந்தத் திசையில், எந்த வேகத்தில், எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, கணினியில் உள்ள பாட்டை அப்படியே ஓட்டும். கையால் தட்டைப் பின்னால் இழுத்தால் பாட்டும் பின்னால் போகும். ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து செராட்டோ 2004-இல் வெளியிட்ட கருவிக்குப் பிறகு இது பரவலாயிற்று. இன்று செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், டிராக்டர் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு; மிக்ஸ்எக்ஸ் என்ற இலவச மென்பொருளும் செராட்டோவின் டைம்கோட் தட்டைப் படிக்கும். இந்த முறையின் அழகு என்னவென்றால், மிக்ஸரில் ஒரு சுவிட்சை யுஎஸ்பியிலிருந்து ஃபோனோவுக்கு மாற்றிவிட்டு, அதே டர்ன்டேபிளில் உண்மையான ரெக்கார்டையும் போடலாம். வாங்குமுன், உங்கள் மிக்ஸரோடு எந்த மென்பொருள் உரிமம் சேர்ந்து வருகிறது, எதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

டைம்கோட்டில் தட்டை அசைப்பதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் குறைவாக இருக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகளின் அளவான பஃபர் 128 ஆக இருந்தால் அது ஏறத்தாழ 3 மில்லிநொடி. 1024 என்றால் 23 மில்லிநொடி, அப்போது தட்டு சேற்றில் ஓடுவதுபோல் கைக்குத் தெரியும். ஒலி வெட்டாத அளவுக்குச் சிறிய பஃபரை வைப்பதே சரி. பாட்டுக் கோப்புகள் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் நான்கு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். சுருக்காத வேவ் கோப்பு 42 மெகாபைட் ஆகும். நல்ல ரெக்கார்டுக்குப் பக்கத்தில், காணொளியிலிருந்து உருவி எடுத்த கோப்பைப் போட்டால் வித்தியாசம் மண்டபம் முழுவதும் கேட்கும்.

மேசையும் தரைக்கம்பியும்

இந்தப் பகுதியை நான் அனுபவித்துக் கற்றேன். முதன்முதலில் டர்ன்டேபிளோடு ஒரு டேவானில், அதாவது மண்டபத்தில், இசை போட்டபோது, மரப்பலகை மேடையின் மேல் மடக்கு மேசையை விரித்து அதில் கருவியை வைத்தேன். அடிக்குரலுக்கான ஒலிபெருக்கியான சப்வூஃபரும் அதே மேடையில்தான் இருந்தது. நாதஸ்வரக் குழுவினர் மேடையேறி நடந்தபோதே ஊசி இரண்டு முறை துள்ளியது. விருந்து தொடங்கி ஒலியைக் கூட்டியதும், சப்வூஃபரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து மீண்டும் சப்வூஃபருக்குப் போய், யானை பிளிறுவதுபோல் ஒரு ஊளை கிளம்பியது. அடிக்குரலை முழுவதுமாகக் குறைத்துத்தான் அன்றைய இரவை ஓட்டினேன்.

அதன் பிறகு டர்ன்டேபிளை மேடையில் வைப்பதே இல்லை. பக்கத்தில் உள்ள சிமெண்டுத் தரையில் உறுதியான மேசை போடுகிறேன். இரும்புக்கடையில் கிடைக்கும் சதுர நடைபாதைக் கல் ஒன்றை வாங்கி, பாதியாக வெட்டிய ஸ்குவாஷ் பந்துகளை நான்கு மூலையிலும் அதன் அடியில் வைத்து, கல்லின் மேல் டர்ன்டேபிளை வைப்பேன். கல்லின் கனமும் ரப்பரின் மென்மையும் சேர்ந்து அதிர்வைத் தின்றுவிடும். இதற்கு ஆகும் சில ரிங்கிட்டை விடப் பயனுள்ள செலவு வேறில்லை.

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தரைக்கம்பியை மிக்ஸரின் பின்புறத் திருகில் மாட்ட மறந்தால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், வண்டு ரீங்காரம்போல் விடாமல் கேட்கும். மாட்டிய பிறகும் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரங்களில் அங்கேதான் காரணம் இருக்கும். மாலை மழைக்கு முன் இடி முழங்கத் தொடங்கினால், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் மின்முள்ளிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எதை முதலில் வாங்குவது?

பணத்தைப் பத்துப் பங்காக்கினால், நான்கு பங்கை ஒரே ஒரு நல்ல டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளுக்கும், மூன்று பங்கை மிக்ஸருக்கோ ஃபோனோ உள்ள கண்ட்ரோலருக்கோ, ஒன்றரைப் பங்கை ஊசிக்கும், ஒரு பங்கைக் காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனுக்கும், எஞ்சியதைக் கல், உறை, கம்பி, அடாப்டர் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். இரண்டு மட்டமான டர்ன்டேபிளைவிட ஒரு நல்ல டர்ன்டேபிளும் ஒரு டிஜிட்டல் பக்கமும் மேல். இரண்டாவது டர்ன்டேபிள் ஓர் ஆண்டு கழித்து வரட்டும். ஒலிபெருக்கியை முதல் ஆண்டில் வாங்கவே வேண்டாம். மண்டபத்து ஒலி அமைப்பாளரிடம் வாடகைக்கு எடுங்கள். மேலும் ரெக்கார்டுகள் தேடுவோருக்கு, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை ஒரு நாள் பயணத்துக்குத் தகும்.

கருவி வந்ததும் முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். இடப்பக்கம் உங்கள் வீட்டு ரெக்கார்டு ஒன்றைப் போட்டு, பிட்ச் ஃபேடரை நடுவில் வையுங்கள். வலப்பக்கம், அதே நடையில் ஓடும் ஒரு டிஜிட்டல் பாட்டைக் கீ லாக் போட்டு ஏற்றி, சிங்க் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறுகாதில் அறையின் ஒலி. தபேலாவின் முதல் அடியில் டிஜிட்டல் பாட்டை விட்டு, அது முந்துகிறதா பிந்துகிறதா என்று கேட்டு, அதன் வேகத்தை மட்டும் சிறிது சிறிதாகத் திருத்துங்கள். இடையிசையில் ரெக்கார்டு சற்றே ஓடும். நீங்களும் கூடவே ஓடுங்கள். சரணம் தொடங்கும்போது அது மீண்டும் அமரும். அந்த இடத்தில் உங்கள் விரல் தானாகவே வேகத்தைக் குறைக்கும்வரை, அந்த ஒரே ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்.